நாலாம் எண் ஓடு

கத்தியைத் துணியில் சுற்றி இழுப்பறைக்குள் தள்ளிவிட்டு அவள் கை கழுவ ஓடினாள். மூன்று முறை சோப்புப் போட்டும் விரலிடுக்கில் சிவப்பு போகவில்லை.

கண்ணாடியில் முகம் வெளுத்துப்போயிருந்தது. யாரும் பார்க்கவில்லை. பார்த்திருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும், துணைக்கு ஓர் ஆள் கிடைத்திருக்கும்.

அக்காவுக்குப் போன் போட்டாள்.

"அக்கா, என் வேலை போயிடும் போல இருக்கு."

"என்னத்த உடைச்ச?"

"எதையும் உடைக்கல. மியூசியத்துல ஒரு ஓடு போலின்னு கண்டுபிடிச்சிட்டேன்."

"அதுக்குத்தானே உனக்குச் சம்பளம் தர்றாங்க?"

"அது யாரோட ஓடு தெரியுமா? பூதக்கண்ணாடியோடது."

தலைமை ஆய்வாளருக்கு அலுவலகம் வைத்திருந்த பெயர் அது. கழுத்தில் எந்நேரமும் ஒரு லென்ஸ் தொங்கும். அவளுக்கு முன்பு இதே நாற்காலியில் இருந்தவரை ஒரே நாளில் வீட்டுக்கு அனுப்பியவர். ஏன் என்று கேட்கும் தைரியம் யாருக்கும் வரவில்லை.

"அப்பா ஆபரேஷன் முடியற வரைக்குமாவது வாயை மூடிட்டு இரு. எல்லாம் நல்லா இருக்குன்னு எழுதிக் குடுத்துட்டு வா. எந்தக் காலத்து மண்ணுக்கோ நீ எதுக்குடி பலியாகணும்?"

போனை வைத்துவிட்டு மேசைக்குத் திரும்பினாள். பத்துச் சுடுமண் ஓடுகள், பத்திலும் இன்னும் முழுதாகப் பிடிபடாத பழங்கால எழுத்துகள். வெளிநாட்டுக் கண்காட்சிக்குப் போகுமுன் அவள் சோதித்துக் கையெழுத்துப் போட வேண்டும். ஓடுகளில் பெயர் இல்லை, எடுத்த இடம் இல்லை, எண் மட்டும்தான். யாருடையது என்று தெரிந்துகொண்டு சோதிக்கக் கூடாது என்பது இங்கே வழக்கம்.

ஒன்பதாம் எண்ணைப் போலி என்று காலையிலேயே எழுதிவிட்டாள். கற்றுக்குட்டி வேலை, ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. நாலாம் எண்ணுக்கு நேரேதான் இன்னும் எதுவும் எழுதவில்லை.

எண் ஒட்டிவிட்டால் முகம் மறைந்துவிடுமா? இருபத்துமூன்று வருடங்களுக்கு முன் தலைமை ஆய்வாளர் தன் கையால் அகழாய்வுக் குழியிலிருந்து எடுத்த ஓடு அது. அவர் புத்தகத்தின் அட்டையில் இருப்பதும் அதுதான். மற்ற ஓடுகளில் நாலைந்து எழுத்து, இதில் நாற்பத்தொன்று. இதை அவர் படித்ததை நம்பித்தான் உலகம் மற்றவற்றைப் படித்துக்கொண்டிருக்கிறது.

ஈர மண்ணில் எழுதினால் மணல் துகள்கள் ஒதுங்கி வழிவிடும். சுட்ட பிறகு கீறினால் உடையும். நுண்ணோக்கியின் கீழே நாற்பத்தொரு எழுத்திலும் துகள்கள் நேற்று உடைத்ததுபோலப் பளபளத்தன. எழுத்துக்குள் அப்பியிருந்த செம்மண்ணைக் கத்தி முனையால் சுரண்டி, நகப்பூச்சு அழிக்கும் திரவத்தில் போட்டாள். இந்தக் காலத்துப் பசை இழை இழையாகக் கரைந்து வந்தது.

ஓடு பழையது. எழுத்து புதியது.

சரியாக நாலு மணிக்கு அவர் அழைத்தார். அறைச் சுவரில் அந்த ஓட்டைக் கையில் ஏந்தியபடி இளவயதில் அவர் சிரித்துக்கொண்டிருந்தார். நாற்காலியில் இருந்தவர் சிரிக்கவில்லை.

"பத்தும் பார்த்தாச்சாம்மா?"

"பார்த்தாச்சு சார்."

"கையெழுத்துப் போட்டாச்சா?"

நல்லா இருக்கு சார் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள்.

"இல்ல சார். என்னால போட முடியாது. போலி இருக்கு."

அவர் பேனாவை மூடினார். மெதுவாக எழுந்து வந்தார். அவள் சோதனை அறிக்கையை மார்போடு அணைத்துக்கொண்டு ஓரடி பின்னால் போனாள்.

"உட்காரும்மா" என்றார். அவருடைய பல்வரிசையை அவள் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தாள். "ஏன் இப்படிப் பயப்படற? அது நானே கலந்து வெச்சது."

"சார்?"

"புதுசா யார் வந்தாலும் முதல் தடவை அப்படித்தான். ஆளுக்குக் கண்ணு இருக்கா, வாய் இருக்கான்னு பார்க்கணும்ல? கண்ணு நிறைய பேருக்கு இருக்கு. வாயைத் திறக்கத்தான் ஆள் இல்ல. உனக்கு முன்னாடி இருந்தவர் பத்தும் சுத்தம்னு எழுதிக் குடுத்தார். அன்னிக்கே அனுப்பிட்டேன்."

அவளுக்கு உயிர் திரும்பி வந்தது. நகலா? அசல் பெட்டகத்தில் பத்திரமாக இருக்கிறதா? இவ்வளவுதானா? அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. அவர் தன் கையாலேயே அவளுக்குத் தேநீர் ஊற்றித் தந்து, தனக்கும் ஊற்றிக்கொண்டார்.

"பாவி மாதிரி கை கழுவினேன் சார். எங்கக்காவைக் கேளுங்க, வேலையே போச்சுன்னு புலம்பிட்டேன்."

"இனிமே இந்த நாற்காலி உன்னோடதுதான்னு அவங்ககிட்ட சொல்லு."

தைரியம் வந்ததும் அவளுக்குப் பேச்சும் வந்தது.

"ஒன்பது சுலபமா மாட்டிக்கிச்சு சார். நாலுதான் உயிரை வாங்கிடுச்சு. உங்க அட்டைப்பட ஓட்டையே நகல் எடுத்து வெச்சிருக்கீங்களே, யாருக்கு சார் அந்தத் தைரியம் வரும்?"

அவர் கோப்பையைத் தட்டில் வைத்தார். அது சரியாக உட்காராமல் கடகடவென்று ஆடியது. சுவரில் இருந்த படத்தைப் பார்த்தார், பிறகு அவள் விரலிடுக்கில் இருந்த சிவப்பைப் பார்த்தார்.

"நான் ஒன்பது மட்டும்தாம்மா வெச்சேன்."