பில்லில் இல்லாத பெட்டி

“என் வீட்டுக்குள்ள வந்து, எனக்கே தெரியாம ஒருத்தன் திருட்டு வேலை பார்த்துட்டுப் போயிருக்கான். அவன் யாரா இருந்தாலும் சரி, தன் கையாலேயே அதைச் சரி பண்ணிட்டுத்தான் இந்த இடத்தை விட்டு நகரணும்.”

மோட்டார் கடைக்காரர் பெயர் சொல்லித் திட்டவில்லை. சொல்லவேண்டிய அவசியமும் இல்லை. கூடத்தில் அவரும் மனைவியும் போக நின்றிருந்தது, மீன் தொட்டி அமைத்துக் கொடுத்த தம்பி மட்டும்தான். போன் வந்ததும் போட்டது போட்டபடி ஓடிவந்தவன், ஹெல்மெட்டைக்கூட இன்னும் கழற்றவில்லை.

“என்னாச்சு அண்ணே?”

“என்னாச்சா? அங்க பாரு.”

கடலில் ஒரு மூலையை வெட்டிக்கொண்டு வந்து வைத்தது போல ஆறடித் தொட்டி. நேற்றுவரை விரிந்து ஆடிய பவளங்கள், பிழிந்து போட்ட துணியாகச் சுருங்கிக் கிடந்தன. பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் இரண்டு மஞ்சள் மீன்கள், உயிரில்லாமல்.

“நேத்து சாயங்காலம் லைட்டு, பம்பு, அலை அடிக்கிற மெஷின், எல்லாம் ஒரே நேரத்துல படுத்துடுச்சு. தண்ணி அசையாம, காத்து இல்லாம ரெண்டு மீன் செத்துப்போச்சு. வீடு பூரா கரண்ட் இருக்கு, தொட்டிக்கு மட்டும் இல்ல. காலையில கீழ் அலமாரியைக் குடைஞ்சா, இது.”

உள்ளங்கையை விரித்தார். சோப்புக்கட்டி அளவில் ஒரு வெள்ளைப் பெட்டி. நடுவில் ஒரு பட்டன்.

தம்பியின் முகம் மாறியது. அதைப் பார்த்ததும் அவருக்கு இன்னும் ஏறிக்கொண்டது.

“மாட்டிக்கிட்டியா? பில்லை வரி வரியாப் பார்த்துட்டேன். இப்படி ஒரு சாமானே அதுல இல்ல. அப்பப்போ நின்னாத்தானே ரிப்பேருக்கு உன்னைக் கூப்பிடுவேன்? மூட்டை தூக்கி மேல வந்தவன்டா நான். என் காதுலயே பூ சுத்தறியா?”

“அண்ணே, இதைக் கழட்டிட்டா இப்ப தொட்டி ஓடுது?”

“பிளக்கை நேரா சொருகிட்டேன். குதிரை மாதிரி ஓடுது.”

“நேத்து நின்னப்போ யாராவது தண்ணியில கையை வெச்சாங்களா?”

“இவதான். தீனி போடக் கையை வெச்சா, அடுத்த நொடி எல்லாம் அவுட்டு. கைராசி அப்படி.”

“ஆமா, இந்தக் கைராசியிலதான் உங்க கடையையே திறந்து வெச்சேன்” என்றாள் மனைவி, மீதி மீன்களுக்கான தீனிக் கிண்ணத்தோடு தொட்டிப் பக்கமிருந்து. “ஏன் தம்பி, அந்த ஊதாக் கடல்பூ கொட்டுமா? நேத்து தோள்பட்டை வரைக்கும் சுரீர்னுச்சு. இவர்கிட்ட சொன்னா, பூ கொட்டி யாரும் சாகமாட்டாங்கறார்.”

சொல்லிக்கொண்டே, ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்று, வளையலை மேலே ஏற்றிவிட்டுக் கையைத் தண்ணீருக்குக் கொண்டுபோனாள்.

தம்பி பாய்ந்துபோய் அந்தக் கையைத் தட்டிவிட்டான். தீனிக் கிண்ணம் பறந்து சுவரில் மோதியது. சுவிட்சை அணைத்து, பிளக்கையும் பிடுங்கி எறிந்தான். தொட்டி இருண்டது.

“என் கண்ணு முன்னாலயே என் பொண்டாட்டி மேல கை வைக்கிறியா?” மோட்டார் கடைக்காரர் அவன் காலரைப் பிடித்துவிட்டார்.

தம்பி, தொட்டித் தண்ணீரை வெதுவெதுப்பாக வைக்கும் ஹீட்டரை உள்ளிருந்து தூக்கிக் காட்டினான். விரல் பருமனில் ஒரு கண்ணாடிக் குழாய். நெடுக மயிரிழை போல ஒரு விரிசல். குழாய்க்குள் கடல்தண்ணீர் தளும்பியது.

“கொட்டினது பூ இல்லக்கா. கரண்ட். கண்ணாடித் தொட்டி, அது வெளிய போக வழியில்லாம தண்ணியிலயே நிக்கும். யார் கையை வெச்சாலும் அவங்க வழியா தரைக்கு இறங்கும். இறங்கின நொடியே நிறுத்தத்தான் அந்தப் பெட்டி. நேத்து நிறுத்தினதும் அதுதான்.”

காலரைப் பிடித்திருந்த கை தானாக நழுவியது.

“அந்த ஹீட்டர்...” என்று இழுத்தாள் மனைவி.

தம்பி கொண்டுவந்த புது ஹீட்டரைக் கொள்ளை விலை என்று திருப்பி அனுப்பிவிட்டு, பழைய சாமான் சந்தையில் அடித்துப் பேசி ஒன்றை வாங்கிவந்து, “பேரம்னா இப்படி இருக்கணும்” என்று இதே கூடத்தில் தூக்கிக் காட்டியவர் யாரென்று மூன்று பேருக்குமே தெரியும்.

மோட்டார் கடைக்காரர் கையிலிருந்த வெள்ளைப் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“ஆனா இது... பில்லுல இல்லையே?” குரல் பாதியாகிவிட்டிருந்தது.

“இருந்துச்சு அண்ணே. ‘மோட்டார் விக்கிற எனக்கே கரண்ட் பாடமா, அந்த வரியை அடிச்சுடு’ன்னீங்க. அடிச்சுட்டேன். ஆனா தினம் கையை வைக்கப்போறது அக்காதான்னு தெரிஞ்சப்புறம், மாட்டாமப் போக மனசு வரல. சொன்னா கழட்டச் சொல்வீங்க. அதான் சொல்லல.”

மனைவி தன் விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு நடந்துவந்து, கணவரின் விரல்களை ஒவ்வொன்றாக அந்தப் பெட்டியின் மேல் மடக்கி வைத்தாள்.

“அவன் யாரா இருந்தாலும் தன் கையாலேயே சரி பண்ணிட்டுத்தான் இந்த இடத்தை விட்டு நகரணும்னீங்களே” என்றாள். “நகராதீங்க. சரி பண்ணுங்க.”