மூன்று மேசைக் கல்யாணம்

"இந்தக் கல்யாணத்துல கைகலப்பு வராம இருக்கணும்னா நாலு மேசை வேணும்" என்றார் பேராசிரியர். "ஆனா ஹால்ல மூணு மேசைதான் பிடிக்குமாம். என்ன பண்ணலாம், சொல்லுங்க."

வகுப்பு கொல்லென்று சிரித்தது. முதுகலைக் கணித மாணவர்களுக்கு கிராஃப் தியரி பாடம் நடந்துகொண்டிருந்தது. புள்ளிகளையும் அவற்றை இணைக்கும் கோடுகளையும் வைத்துக்கொண்டு ஊர்ப்பட்ட சிக்கல்களை அவிழ்க்கும் கணக்கு அது.

போன பருவம் வரைக்கும் சாக்பீஸைத் தவிர வேறெதையும் தொடமாட்டேன் என்று அடம்பிடித்தவர் பேராசிரியர். அவருடைய ஒரே மகள்தான் இந்தப் பாடத்துக்கென்றே இருக்கும் மென்பொருளை மடிக்கணினியில் ஏற்றி, பக்கத்தில் உட்கார்ந்து பழக்கிவிட்டாள்.

அன்றிலிருந்து மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. திரையில் புள்ளி வைத்து இழுத்தால் கோடு வருகிறது. பொத்தானை அமுக்கினால் புள்ளிகளெல்லாம் நிறம் மாறிக் குதிக்கின்றன. பொம்மைக் கடைக்குள் விட்ட பிள்ளை மாதிரி ஆகிவிட்டார்.

மாணவர்கள் ஆளுக்கொரு சிக்கலை நிஜ வாழ்க்கையிலிருந்து கொண்டுவந்து இதில் போட்டுக் காட்டட்டும் என்பதும் மகள் சொன்ன யோசனைதான். இன்று யாருடைய முறை என்று காலையில் கேட்டவள், பதிலைக் கேட்டதும் அப்பாவின் காப்பியில் இரண்டாம் தடவையும் சர்க்கரை போட்டாள்.

இன்று சுருட்டையின் முறை. தலைமுடியைப் பார்த்து வகுப்பு வைத்த பெயர் அது. கொஞ்ச காலம் வேலைக்குப் போய்விட்டு மறுபடி படிக்க வந்தவன்; மற்றவர்கள் தேர்வு அட்டவணையும் பேருந்துத் தடமும் கொண்டுவந்தபோது அவன் ஒரு கல்யாண விருந்தைக் கொண்டுவந்திருந்தான்.

ஒவ்வொரு புள்ளியும் ஒரு விருந்தாளி. ஒரே மேசையில் உட்கார வைக்கவே முடியாத இரண்டு பேருக்கு நடுவில் ஒரு கோடு. ஒரு நிறம் என்றால் ஒரு மேசை. கோட்டின் இரு முனைக்கும் ஒரே நிறம் வரக் கூடாது.

மென்பொருள் நான்கு நிறம் கேட்டு அடம்பிடித்தது. பேராசிரியர் படத்தைப் பெரிதாக்கித் துழாவி, குற்றவாளிகளைக் கையும் களவுமாகப் பிடித்துவிட்டார். மாப்பிள்ளை, அவனுடைய பெரியப்பா, அத்தை, பெண்ணின் அப்பா. நாலு பேரில் யாருக்கும் யாரோடும் ஒத்துப்போகவில்லை.

ஒவ்வொரு கோட்டுக்கும் காரணம் கேட்டார். பெரியப்பாவுக்கும் அத்தைக்கும், இரவல் போன ஒரு ஏணியால் பல வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லையாம். பெரியப்பா வாயைத் திறந்தால் மூடமாட்டார், பெண்ணின் அப்பாவும் அப்படியே. அத்தை சாப்பிடும்போது பாடுவார், பெண்ணின் அப்பாவுக்குப் பாட்டே ஆகாது.

மாப்பிள்ளையைக் கண்டால் பெரியப்பா குறுக்கு விசாரணையில் இறங்கிவிடுவார். அத்தையோ, அவன் சின்ன வயசில் படுக்கையை நனைத்த கதையைப் புதிதாகச் சொல்வது போல் ஆரம்பிப்பார். பேராசிரியர் தொடையைத் தட்டிச் சிரித்தார். முன்வரிசையில் ஒரு மாணவி கைக்குட்டையை வாயில் திணித்துக்கொண்டு குலுங்கினாள்.

மாப்பிள்ளைக்கும் பெண்ணின் அப்பாவுக்கும் நடுவிலிருந்த கோடு மட்டும் மிச்சம்.

"இது என்ன சண்டை?"

"சண்டை இல்ல சார். அவருக்கு இன்னும் விஷயமே தெரியாது. மாப்பிள்ளைக்குப் பயம், அவ்வளவுதான்."

"ஆள் அவ்வளவு முரடா?"

சுருட்டை கொஞ்சம் யோசித்தான். "தங்கமான மனுஷன் சார். யாராவது தப்பா விடை சொன்னா மட்டும் கத்துவார்."

வகுப்பு மேசைகளைத் தட்டி ஆர்ப்பரித்தது. இப்படியும் ஒரு பிறவி உண்டா என்று பேராசிரியர் தலையில் கை வைத்துக்கொண்டார். பிறகு திரைக்குப் பக்கத்தில் போய் நின்று, மற்ற ஐந்து கோடும் குணத்தாலும் பழைய பகையாலும் வந்தவை, யாராலும் மாற்ற முடியாது என்று விளக்கினார். இது வெறும் பயம். பயத்தை எடுத்துவிட்டால் தீர்ந்தது.

கோட்டை அழித்தார். பொத்தானை அமுக்கினார். புள்ளிகள் குதித்து, சிவப்பு, நீலம், பச்சை என்று மூன்றே நிறத்தில் அடங்கின. மாப்பிள்ளையும் பெண்ணின் அப்பாவும் ஒரே பச்சையில் அக்கம்பக்கமாக மின்னினார்கள்.

பேராசிரியருக்கு நிலைகொள்ளவில்லை. மவுஸைக் கையில் பிடித்தபடியே ஒரு சுற்றுச் சுற்றியதில் ஒயர் இழுபட்டு, மேசையிலிருந்த தண்ணீர் பாட்டில் உருண்டு ஓடியது. அவர் அதைக் கவனிக்கவேயில்லை.

சுருட்டையின் முகம் மட்டும் தெளியவில்லை. திரையில் அழிப்பது சுலபம், நேரில் போய் நிற்பது அப்படியா என்று கேட்டான். அந்த அப்பா முடியாது என்று சொல்லிவிட்டால் மூன்று மேசையும் காலியாகத்தானே கிடக்கும்?

பேராசிரியருக்கு ரோஷம் வந்துவிட்டது. தான் போட்ட விடையில் ஒருவன் சந்தேகப்படுவதாவது?

"ஏன் முடியாதுன்னு சொல்றார்? சிக்கலை இவ்வளவு அழகா பிரிச்சு வைக்கத் தெரிஞ்ச பையன் மருமகனா வர, அவர் கொடுத்து வச்சிருக்கணும். அந்த இடத்துல நான் இருந்தா, கண்ணை மூடிக்கிட்டுச் சரின்னு சொல்லிப் பக்கத்துல உட்கார வச்சுக்குவேன்."

சுருட்டை சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டான். காது இரண்டும் சிவந்திருந்தன.

"அப்போ ஞாயித்துக்கிழமை அம்மா அப்பாவைக் கூட்டிட்டு வீட்டுக்கு வரட்டுமா, மாமா?"