மூன்றாம் மாடிக்காரர்

"இதோ பாரும்மா, வீடு உன்னுது. ஆனா மூக்கு எங்களுது" என்றார் சங்கத் தலைவர்.

வாகன நிறுத்தத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள் வட்டமாகப் போடப்பட்டிருந்தன. குடியிருப்போர் சங்கத்தின் அவசரக் கூட்டம். அவசரம் என்னவென்றால், தையல்காரம்மா தன் மூன்றாம் மாடி வீட்டைப் பக்கத்து நாட்டுக்காரர் ஒருவருக்கு வாடகைக்கு விட்டு, கதவில் அவர் பெயர்ப்பலகையையும் மாட்டி, இன்றோடு இரண்டு மாதம். இன்று தீர்மானம் நிறைவேறினால் வாடகை ஒப்பந்தம் ரத்து. சங்க விதி அப்படி.

"உங்க மூக்குக்கு என்னண்ணே ஆச்சு?" என்றார் தையல்காரம்மா.

"நாத்தம்! மாடிப்படி ஏற முடியல. அவனுங்க குளிக்கவே மாட்டானுங்க. உலகத்துக்கே தெரியும்."

"குளிக்காம இருந்தாத்தான் தேவலையே!" என்று நான்காம் மாடிப் பல் டாக்டர் குறுக்கே வந்தார். "எங்க வீட்டுக் குழாயில தண்ணியே வரல. மொத்தத்தையும் அவன் ஒருத்தனே காலி பண்றான். அவனுங்க நாட்டுல தண்ணி ஏது? இங்க வந்து, காணாததைக் கண்ட மாதிரி ஆடுறான்."

"அப்ப, குளிக்கிறாரா? குளிக்கலையா?"

தலைவரும் டாக்டரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"தண்ணியைக் கொட்டுறான். ஆனா குளிக்கிறதில்ல" என்று தலைவர் சமரசம் செய்துவைத்தார்.

தையல்காரம்மா கழுத்தில் தொங்கிய அளவு டேப்பைக் கழற்றி, விரலில் சுற்ற ஆரம்பித்தார். "வேற?"

இரண்டாம் மாடிக் கணக்கு வாத்தியார் எழுந்தார். "தூங்க முடியலம்மா. தலைக்கு மேல நாற்காலியை இழுக்கிறான், இழுக்கிறான், இழுத்துக்கிட்டே இருக்கிறான். அவனுங்களுக்கு ஒரு இடத்துல உட்காரத் தெரியாது."

"எனக்கு ஒரு பொட்டுச் சத்தம்கூடக் கேட்டதில்லையே?" என்றார் டாக்டர். "எனக்கு அதுதான் பயமே! அமுக்கமான ஆளுங்க சார். கதவு எப்பப் பார்த்தாலும் பூட்டியே கிடக்கு. உள்ள என்ன நடக்குதோ!"

"நான் அவனைக் கண்ணால பார்த்தேன்" என்றது ஒரு குரல்.

முதல் மாடி. தையல்காரம்மாவின் சொந்த நாத்தனார். அந்த வீட்டைத் தன் கொழுந்தனுக்குக் கேட்டுக் கிடைக்காததால், இரண்டு மாதமாக அண்ணியோடு பேச்சுவார்த்தை இல்லை. இப்போதும் தலைவரைப் பார்த்துத்தான் பேசினார்.

"ஆறடி உயரம். முள்ளம்பன்றி மாதிரி தாடி. நான் காயப்போட்ட துணியையே முறைச்சுக்கிட்டு நின்னான். மறுநாள் துண்டைக் காணோம்."

"தாடியா? குள்ளமா, வழுக்கையால்ல இருந்தான்!" என்றார் வாத்தியார். "லிஃப்டுல என் பக்கத்துலதான் நின்னான்."

தலைவர் தொடையில் ஓங்கித் தட்டினார். "அப்ப ரெண்டு பேரு! ஒருத்தன்னு சொல்லிட்டு கூட்டத்தையே கூட்டிட்டு வந்துட்டான். அவனுங்க புத்தியே அதுதானே!"

"ஏண்ணே, அந்த நாட்டுக்காரங்க யாரோடயாவது பழகியிருக்கீங்களா?"

"பழகித்தான் தெரியணுமாக்கும்? தினம் நியூஸ் பார்க்கிறோம்ல!"

"அவங்க நாட்டுல நம்மளைப் பத்தி என்ன சொல்றாங்க தெரியுமா? சும்மா இருக்கமாட்டாங்க, கத்துவாங்க, அடுத்தவன் வீட்டை எட்டிப் பார்ப்பாங்கன்னு சொல்றாங்களாம்."

"அபாண்டம்!" என்று நால்வரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். என்ன சத்தம் என்று எதிர்க் கட்டடத்து ஜன்னல்களில் ஏழெட்டுத் தலைகள் எட்டிப் பார்த்தன.

தையல்காரம்மா சங்கத்தின் தீர்மான நோட்டை எடுத்து நீட்டினார். "சொன்னதையெல்லாம் எழுதுங்க. அவங்கவங்க புகாருக்குக் கீழ அவங்கவங்க கையெழுத்து."

கையெழுத்துப் போட இவ்வளவு உற்சாகத்தை அந்தக் கட்டடம் அதற்கு முன் கண்டதில்லை. நாத்தனார் துண்டின் நிறத்தையும் சேர்த்து எழுதினார்.

"கடைசியா நீயும் சம்மதம்னு ஒண்ணு போட்டுடும்மா. பிரச்சினை முடிஞ்சுது" என்றார் தலைவர்.

"போடமாட்டேன்."

"என்னது?"

"போடமாட்டேன்னேன்." தையல்காரம்மா எழுந்து நின்றார். "அந்த மனுஷனுக்கு இந்த ஊர்ல ஒரு விலாசம் இருந்தாத்தான் வேலை. விலாசம் போச்சுன்னா வேலையும் போச்சு. உங்க குழாய்க்கும் துண்டுக்கும் ஒருத்தர் பொழப்புல மண்ணைப் போட என் வீடுதானா கிடைச்சுது? இருபது வருஷம் மிஷின் மிதிச்சு வாங்கின வீடு அது. அங்க யார் இருக்கணும்னு நான் சொல்லணும். தீர்மானம் போடுங்க, கோர்ட்டுக்குப் போங்க. நானும் வர்றேன், இதே நோட்டைத் தூக்கிக்கிட்டு."

நாத்தனார் இரண்டு மாத மௌனத்தை முறித்தார். "என்ன அண்ணி, ரோஷம் பொத்துக்கிட்டு வருது? அவன் உங்களுக்கு சொந்தமா, பந்தமா?"

"இரும்மா" என்று தலைவர் அவரை அடக்கினார். பிறகு தையல்காரம்மா பக்கம் திரும்பி, குழந்தைக்குச் சொல்வது போல நிதானமாகச் சொன்னார்: "நாங்க கண்ணால பார்த்து, காதால கேட்டு, மூக்கால மோந்து சொல்றோம். எங்களைவிட உனக்கு அவனை நல்லாத் தெரியுமா?"

"தெரியாதுண்ணே. நான் போன்ல பேசினதோட சரி" என்றார் தையல்காரம்மா. "ரெண்டு மாசமா இழுத்துக்கிட்டிருந்த விசா நேத்துதான் கைக்கு வந்துச்சாம். நாளைக்குக் காலையில முதல் தடவையா இந்த நாட்டுல கால் வைக்கிறார். உங்கள்ல யாராவது ஒருத்தர் என்கூட ஏர்போர்ட்டுக்கு வந்து, ஆளை அடையாளம் காட்டுங்களேன்?"