எண்ணெய் அழுத்தம்

காற்றாலை உச்சியில் கியர்பெட்டியைப் பழுதுபார்த்துக்கொண்டிருந்த ததேயு அதன் பற்களுக்கிடையே நசுங்கிச் செத்தான். கியரைத் திடீரெனச் சுழலவைக்கக்கூடிய எண்ணெய் அழுத்தத்தை இறக்காமலேயே, இறக்கிவிட்டதாகக் கீழேயிருந்து சொன்னவர் மேலாளர் சிவதாணு. விசாரணையில் பழி ததேயுவின் தலையில் விழுந்தது. அவன் மனைவி லீமாவுக்குக் கட்டுப்பாட்டு அறையில் வேலை கொடுத்தார்கள்.

ஓர் ஆடிக்காற்றில் அதே கியர் மறுபடி இறுகிக்கொண்டது. வேறு ஆளில்லாததால் சிவதாணுவே மேலே ஏறினார்.

"லீமா, பிரஷர எறக்கியாச்சா?" என்று வாக்கிடாக்கியில் கேட்டார்.

அவள் வால்வைத் திறந்து, அழுத்தம் காட்டும் முள் பூஜ்ஜியத்தில் படியும்வரை பார்த்திருந்தாள்.

"எறக்கியாச்சு சார். அன்னைக்கு அவருட்ட நீங்க சொன்னியள்லா, அப்படித்தான்."

காற்றிரைச்சலுக்கிடையே அவர் குரல் தாழ்ந்து கேட்டது.

"லீமா, உண்மையச் சொல்லு. எனக்குப் பிள்ளகுட்டி இருக்கு."

"கைய உள்ள விட்டுப் பாருங்க சார்" என்றாள்.