சவுரியம்மாளின் மூத்த பிள்ளை

"உங்க அம்மா சவுரியம்மாளுக்கு ரெண்டு பசங்கன்னு ஞானஸ்நான ரிஜிஸ்டர்ல இருக்குதுங்களே ஐயா?"

அமலா இப்படிக் கேட்டதும் ராஜாமணியின் முகம் மாறியது. அதுவரை அவர் உற்சாகமாகத்தான் பேசிக்கொண்டிருந்தார். தன் வம்சத்தைப் பற்றி விசாரிக்க விழுப்புரத்திலிருந்து ஒரு பெண் திண்டிவனம் வரை வந்திருப்பதில் அவருக்கு அவ்வளவு பெருமை. தாத்தா மலேயாவுக்குக் கப்பலேறிய கதையைச் சொல்லி, அவித்த மல்லாட்டைக் கடலையும் கொடுத்திருந்தார்.

"தப்பா எழுதிக்கினாங்க. நான் ஒருத்தன்தான்."

"மூத்தவரு பேரு முத்துசாமின்னு..."

"யாரும்மா நீ? அவன் அனுப்புனானா?"

"கோச்சிக்காதீங்க ஐயா. உங்க அம்மா பேரை வச்சிக்கினு காலையிலேர்ந்து ஊர் ஊரா கோயில் ரிஜிஸ்டரைப் புரட்டிக்கினு இங்க வந்திருக்கேன். இந்தக் குடும்பந்தானான்னு தெரிஞ்சாப் போதும்."

"தெரிஞ்சிக்கினு? பாகம் கேட்டு கேஸ் போடவா?" ராஜாமணி எழுந்துவிட்டார். "எனக்குக் கல்யாணம் ஆன வருஷம் என்கிட்ட சண்டை போட்டுக்கினு போனவன். அம்மா சாவுக்குக்கூட வரல. பைபாஸ் வந்து இடத்துக்கு விலை ஏறுனதும் ஒறவு ஞாபகம் வருதா? எனக்கு அண்ணனே கெடையாதுன்னு போய்ச் சொல்லு!"

அமலா செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினாள்.

பத்தடி நடந்திருப்பாள்.

"பொண்ணே, நில்லும்மா."

ராஜாமணி மூச்சு வாங்க ஓடி வந்தார். சட்டைகூடப் போடவில்லை.

"ஆத்திரத்துல என்னென்னவோ பேசிட்டேன். அம்மா சாவுக்குச் சொல்லி அனுப்பக்கூட அட்ரஸ் இல்ல. பாம்பேன்னாங்க, பெங்களூர்னாங்க. போய்த் தேடாத ஊர் இல்ல." புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அண்ணன் எப்படி இருக்காரும்மா? வேளைக்குச் சாப்பிடறாரா? பாகம் கீகம் எல்லாம் எடுத்துக்கட்டும். எங்கன்னு மட்டும் சொல்லு, இப்பவே வந்து கூட்டிக்கினு வர்றேன்."

அமலாவின் கண்கள் நிறைந்தன.

"நான் விழுப்புரத்துல முதியோர் இல்லம் நடத்தறேங்க. அவரு பாகமெல்லாம் கேக்கல ஐயா. அம்மாவுக்குப் பக்கத்துல ஆறடி மண்ணுதான் கேட்டாரு" என்றவள், தெருமுனையில் நின்றிருந்த அமரர் ஊர்தியின் கதவைத் திறந்தாள்.