கெடேரிக்கு ஓர் ஊசி

வடக்கனந்தலில் ஒரு பெண்பிள்ளையின் விலை இன்று இருநூற்றைம்பது ரூபாய். பசுவுக்குக் கெடேரி, அதாவது பெண்கன்று, மட்டுமே தருமாம் அந்த விலைக்கு வாங்கிய விந்து. உறைந்திருந்த அது, மெல்லிய குழாய்க்குள் வெதுவெதுப்பான தண்ணீரில் இளகிக்கொண்டிருக்கிறது. சினை ஊசி போடுகிற தீனதயாளன் திறந்த திரவ நைட்ரஜன் கேனிலிருந்து வெண்புகை வழிந்து கொட்டிலில் தவழ்கிறது. மாடு அதை மோந்து பார்த்துத் தும்முகிறது. வாலைப் பிடித்திருக்கும் செந்தமிழ்ச்செல்வி குழாயை எட்டிப் பார்க்கிறாள். "கெடேரிதான் பொறக்கும்ன்றது நிச்சயமாங்க?" "நூத்துக்குத் தொண்ணூறும்மா." "மீதி பத்த எதிர்வூட்டுக்குத் தள்ளி வுட்டுடுங்க." முன்பு போட்ட இரண்டு ஊசிக்கும் சினை நிற்கவில்லை. அதனால் வாசலில் அவள் கணவன், துண்டுக்கு அடியில் தரகர் செல்லமுத்துவின் விரல்களைப் பிடித்து மாட்டுக்கு விலை பேசுகிறான். உள்ளே என்ன விலை ஓடுகிறதென்று துண்டுக்கே தெரியாது. செந்தமிழ்ச்செல்வி கொட்டிலிலிருந்து குரல் கொடுக்கிறாள். "ஏங்க, கைய வெளிய எடுங்க! இந்த ஊசியும் நிக்காம மூணு வாரத்துல மறுபடி பருவத்துக்கு வந்து கத்துச்சின்னா நானே ஓட்டிக்கினு வந்து குடுக்கறேன்." தரகர் சிரிக்கிறார். "அதுவரைக்கும் நான் இன்னாம்மா பண்றது?" "ஒங்க வெரல நீங்களே எண்ணிக்கினு இருங்க." கல்வராயன் மலைக்குப் பின்னால் வெயில் இறங்குகிறது. தீனதயாளன் கையுறையை முழங்கை தாண்டி இழுத்துவிடுகிறார். எல்லோரும் மூச்சடக்க, மாடு மட்டும் நிதானமாக அசைபோடுகிறது. துண்டு தரகரின் தோளுக்குத் திரும்புகிறது. இன்றைய கணக்கில் செலவு இருநூற்றைம்பது; வரவை மாடுதான் எழுத வேண்டும், அதுவும் கத்தாமல் இருந்து.