வேலியோரத் தழை

செவலைக் காளையின் நெஞ்சு அடித்த அடியில், அதன் முதுகில் உண்ணி பொறுக்கிக்கொண்டிருந்த கொக்கு தடுமாறிப் பறந்து, பக்கத்தில் நின்ற மயிலைக் காளையின் மேல் போய் உட்கார்ந்தது.

"என்னண்ணே, சும்மா நிக்கும்போதே இந்த அடி அடிக்குது? பந்தயம் இன்னும் தொடங்கவே இல்லையே!" என்றது கொக்கு.

"அதுதான்டா வேகம்," என்றது செவலை.

வேகமெல்லாம் இல்லை. பத்து நாளாக அது வேலியோரத்தில் ஒரு கசப்புத் தழையைத் தின்கிறது. தின்றால் களைப்பே தெரியாது. ரெண்டு ரேக்ளா வண்டிப் பந்தயத்தில் முதலாவதாக வந்தாயிற்று.

ஒரே நுகத்தில் சேர்ந்து ஓடும் மயிலைக்குப் பொறுக்கவில்லை. "நேத்து தண்ணித் தொட்டிகிட்ட கண்ணு இருட்டி முட்டி போட்டியே மாப்ள, அதுவும் வேகமா?"

"இது ஊசியா, மாத்திரையா? வெறும் தழைடா. மண்ணுல பச்சையா முளைச்சது என்ன செய்யும்?"

"அரளியும் பச்சையாத்தான் முளைக்குது. திங்கிறியா?"

செவலை முகத்தை வேலிப் பக்கம் திருப்பிக்கொண்டது. மயிலை விடவில்லை.

"ஓட்டத்துல நீ விழுந்தா என் கழுத்தும் சேர்ந்து ஒடியும். நான் படுத்தா வேற மாட்டைச் சேர்த்து உன்னை ஓட்டிடுவாங்க. அதனால நீதான் படுக்கணும். பூட்ட வந்ததும் படுத்துடு. வாலை முறுக்கினாலும் எந்திரிக்காத."

"சரி, சரி. படுக்கிறேன்."

வண்டிக்காரர் நுகத்தடியைத் தூக்கிக்கொண்டு வந்தார். செவலை அவசரமாக இன்னொரு வாய் தழையைப் பிடுங்கி மென்றது. பிறகு படுக்கவில்லை. ரெண்டு அடி முன்னால் போய்க் கழுத்தை நீட்டிக் கொடுத்தது.